கேக்கத் தெரிஞ்சா கடையைத் திற தாயி

ரெஸ்யூம் எழுதிக் கொடுக்கிற தொழிலை வீட்டுல இருந்தே ஆரம்பிக்கப் போறியாம்லா தாயி. உங்க அம்மை சொன்னா. ரொம்ப சந்தோசம். நம்ம கரிசக்காட்டுல மழை பொய்க்கும், மிளகா விலை பொய்க்கும், வேலை தேடுத பிள்ளைக வரத்து மட்டும் ஒரு வருசம்கூடப் பொய்ச்சது கெடையாது. மாநிலத்துல இன்ஜினியரிங் காலேஜ் மட்டும் நானூறுக்கு மேல இருக்காம். கலைக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ எல்லாம் தனிக் கணக்கு. வெளிய வாரவன் அத்தனை பேருக்கும் ஒரு காயிதம் வேணும். உனக்கு முதலீடுன்னு பாத்தா ஒரு லேப்டாப்பு, அதுவும் நீ பிளஸ் டூ படிக்கையில சர்க்கார் ஓசியாக் கொடுத்தது. கடை வாடகை கெடையாது, கரண்டு பில்லு எங்க தலையில. நட்டம் வர வழியே இல்லாத தொழில். லாபம் எந்த வழியா வரும்னுதான் வீட்டுல யாரும் இன்னும் யோசிக்கல.

உன் வேகம் எனக்குப் பிடிச்சிருக்கு. இன்னும் ஒருத்தன் வாசப்படி மிதிக்கல, அதுக்குள்ள லோகோ வந்துட்டு. விசிட்டிங் கார்டு ஆயிரம் அடிச்சு அட்டைப்பெட்டியில அடுக்கி வச்சிருக்கே. உங்க ஆச்சி அதுல ஒரு கட்டை எடுத்து என் கட்டில் காலுக்கு அண்டை கொடுத்துட்டா. இதுவரைக்கும் உன் கம்பெனி தாங்கிப் பிடிச்சிருக்க ஒரே ஆளு நாந்தான், அதையாவது உன் விளம்பரத்துல போட்டுக்கோ.

அடுத்தாப்புல, சிறுதொழிலுக்குன்னு உள்ள உத்யம் பதிவு வாங்கித் தாரேன்னு ஒருத்தன் போன்ல ரெண்டாயிரம் கேக்கானாம்லா. கொடுக்கலாம், அவனும் பிள்ளகுட்டிக்காரனா இருப்பான். ஆனா 2020 ஜூலையில இருந்து அந்தப் பதிவு சர்க்கார் இணையதளத்துல இனாம் தாயி. ஆதாரும் பான் கார்டும் இருந்தா நீயே உக்காந்து பண்ணிரலாம், ஒரு பைசா கெடையாது. ஜிஎஸ்டிக்கு என்ன பண்ணன்னு வேற உங்கப்பன்ட்ட கேட்டியாம். சேவைத் தொழில்ல வருசத்துக்கு 20 லட்சத்துக்கு மேல வரவு வந்தாத்தான் அந்தப் பேச்சே. அந்தக் கவலை உனக்குச் சீக்கிரம் வரணும்னு நம்ம குலசாமிக்கு நேந்துக்கிட்டிருக்கேன்.

அது கிடக்கட்டும். முந்தாநாள் எனக்கு ஒரு கதை சொன்னியே, உலகத்துல முதல் ரெஸ்யூம் எழுதினது லியோனார்டோ டா வின்சின்னு. முதலோ ரெண்டாவதோ, கதை உள்ளதுதான், நானும் கிளை நூலகத்துல படிச்சிருக்கேன். 1482 வாக்குல மிலான் நகரத்தை ஆண்ட லுடோவிக்கோ ஸ்ஃபோர்ஸாவுக்கு வேலை கேட்டு ஒரு கடுதாசி. தூக்கிட்டுப் போற பாலம் கட்டுவேன், கோட்டையை இடிப்பேன், பீரங்கி வார்ப்பேன், மூடுவண்டி செய்வேன்னு ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா அடுக்கிட்டு, கடைசியில போற போக்குல, சமாதான காலமா இருந்தா கட்டடமும் கட்டுவேன், சிலையும் செய்வேன், படமும் வரைவேங்கான். மோனலிசாவை வரையப் போறவன், படத்தைக் கொண்டுபோயிக் கடைசியில வைக்கான். ஏன்? வேலை கொடுக்கிறவனுக்கு அப்பம் சண்டைக் கவலை. படத்தை வச்சு அவன் என்ன பண்ணுவான்? சூட்டிகையான ஆளு.

ஆனா இன்னொரு விசயத்தை நீ சொல்லாம விட்டுட்டே. இன்னைக்கு மிஞ்சிக் கிடக்கிற அந்தக் கடுதாசியோட நகல் லியோனார்டோ கையெழுத்தே இல்லையாம். அந்தாளு இடதுகைக்காரன், வலமிருந்து இடமாக் கண்ணாடியில பாத்து வாசிக்கிற மாதிரி எழுதுறவன். இது நேரா, மணிமணியா வேற யாரோ எழுதினது. ஆக, அப்பமே உன்னை மாதிரி ஒரு ஆளு பக்கத்துல உக்காந்திருக்கான். லியோனார்டோ பேரு நிக்கி, எழுதினவன் பேரை எவனும் குறிச்சு வைக்கல. உன் தொழிலுக்கு நல்ல ராசியான தொடக்கம்.

அவ்வளவு தூரம் இத்தாலிக்கு எதுக்குப் போகணும்? முன்ன நம்ம தாலுகா ஆபீசு வாசல்ல மனு எழுதுற ஒருத்தர் இருந்தாரு, எனக்குக் கூட்டாளி. ஒரு ஸ்டூலு, மடியில ஒரு பலகை, ரெண்டு பேனா, அவ்வளவுதான் ஆபீசு. லோகோ கெடையாது. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசுல மனுநாளுன்னா, முந்தின வாரமே சனங்க அவருட்ட வந்து வரிசையில நிக்கும். ஒருத்தி வருவா, ‘எங் கொழுந்தன் நெலத்தைப் புடுங்கிட்டான், அவன் குடி விளங்காது’ன்னு மண்ணை வாரித் தூத்துவா. இவரு பேனாவைத் தொடவே மாட்டாரு. ‘சர்வே நம்பர் என்ன? பட்டா யாரு பேருல நிக்கி? பாகம் பிரிச்சது எந்த வருசம்? அப்பம் கூட இருந்தது யாரு யாரு? கிராம அதிகாரிட்டச் சொன்னியா? என்னைக்குச் சொன்ன?’ அரைமணி நேரம் கேப்பாரு. அவ அழுகை நின்னு, யோசிக்க ஆரம்பிச்சு, கடைசியில முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த பழைய கிஸ்தி ரசீதை எடுத்து நீட்டுவா. அதுக்குப் பெறகு அஞ்சு நிமிசம் எழுதுவாரு, முடிஞ்சிட்டு.

பக்கத்து ஸ்டூல்ல இன்னொருத்தர். அவரு ஒண்ணும் கேக்க மாட்டாரு. உக்காந்ததும், ‘சமூகம் அவர்களின் மேலான கருணைப் பார்வைக்கு’ன்னு தொடங்கி, பக்கம் பூராவும் அழுது முடிச்சுத்தான் கீழ வைப்பாரு. கையெழுத்து முத்து முத்தா இருக்கும். மனு அழுதா அதிகாரியும் அழுவாருங்கிறது அவரு எண்ணம். நம்மாளு மனுவுல சர்வே நம்பர் இருக்கிறதால ஆபீசுல எவனாவது எந்திரிச்சு பதிவேட்டைத் திறந்தே ஆகணும், தப்பிக்க முடியாது. கூலியும் இவருக்குத்தான் கூட. சனங்க முணங்கிக்கிட்டே இவருட்டதான் வரும்.

இப்பம் நீ எனக்குக் காட்டின மாதிரி ரெஸ்யூமை எடுத்துப் பாரு. உச்சியில என்ன எழுதியிருக்கே? ‘சவால் நிறைந்த சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொண்டு, நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் பங்களிக்க விரும்புகிறேன்.’ அந்தப் பக்கத்து ஸ்டூல்காரரு சாகலை தாயி, உன் லேப்டாப்புக்குள்ள குடியேறிட்டாரு. அதுக்குக் கீழ கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றுவேன், விரைவில் கற்றுக்கொள்வேன். சோம்பேறி, ஒருத்தரோடயும் ஒத்துப்போக மாட்டேன்னு எழுதிக் கொடுத்தவன் எவனாவது இருக்கானா? எல்லாவனும் எழுதுறதை எழுதினா அதைப் படிக்கிறவன் எதுக்குப் படிக்கான்?

பொழுதுபோக்கு: பாட்டுக் கேட்பது. இதைப் படிச்சதும் கம்பெனி மேனேஜர் உருகிருவாரு. தகப்பன் பேரு, மதம், கல்யாணம் ஆச்சா இல்லையா, அதெல்லாம் பொண்ணு கேட்டு வர்ற வீட்டுக்குக் கொடு. ஆதார் நம்பரு, பாஸ்போர்ட் நம்பரு எல்லாம் எழுதியிருக்கியே, அதை எதுக்கு ஊரு பூராவும் சுத்தவிடுதே? கடைசியில ‘மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை’ன்னு ஒரு சத்தியம், இடம், தேதி, கையெழுத்து. அது சர்க்கார் பாரத்துல இருந்து ஒட்டிக்கிட்ட பழக்கம். அனுப்புற ஃபைலுக்கு என்ன பேரு வச்சிருக்கே? நியூ ரெஸ்யூம் பைனல் ரெண்டு. முன்னூறு பேரு அனுப்புறதுல இருநூறுக்கு அதே பேருதான் இருக்கும். பையன் பேரை வை தாயி, காசா கேக்கான்?

அமெரிக்காவுல லேடர்ஸுன்னு ஒரு கம்பெனிக்காரங்க 2018-ல கணக்கெடுத்துச் சொன்னாங்களாமே, ஆள் எடுக்கிறவன் ஒரு ரெஸ்யூமை முதல்ல பாக்குற நேரம் சராசரி 7.4 நொடின்னு. எனக்கு ஆச்சரியமே இல்ல. உங்க ஆச்சி பொண்ணு பாக்க வந்த என்னை அதுலயும் பாதி நேரத்துலதான் பாத்தா. அதனால அந்த ஏழு நொடியில கண்ணு எங்க விழும்னு நீ யோசிக்கணும். மேல பாதிப் பக்கத்துல இருக்கிறதுதான் ரெஸ்யூம், மத்தது நம்ம மனத் திருப்திக்கு.

அதுக்கு முன்னால ஒரு மிசினு வேற வாசிக்குதாம். ஏடிஎஸ்ஸுன்னு பேரு. ரெண்டு பத்தியாப் பிரிச்சு, கட்டம் போட்டு, ஓரத்துல நட்சத்திரம் வச்சு, ‘இங்கிலீசு நாலு நட்சத்திரம், எக்செல் மூணு நட்சத்திரம்’னு அலங்காரம் பண்ணினா, சில மிசினு அதை இந்தப் பத்தியில பாதி, அந்தப் பத்தியில பாதின்னு கலந்து கட்டி வாசிச்சிருமாம். ஒரே பத்தியா, சாதா எழுத்துல கொடு. ‘நூத்துக்கு நூறு ஏடிஎஸ் மார்க் உத்தரவாதம்’னு மட்டும் போர்டுல எழுதிராத. ஆளுக்கொரு மென்பொருள் வச்சிருக்கான், எல்லாத்துக்கும் சேத்து ஒரு பொது மார்க்கு எங்கயும் கெடையாது. இதை வித்துப் பிழைக்கிற ஆளுக இருக்காங்க, நீ அதுல சேராத.

சரி, பெரிய கேள்விக்கு வாரேன். 2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்துட்டு. ஓசியில எழுதுது, கண்ணு மூடித் திறக்குறதுக்குள்ள எழுதுது, வருத்தப்படாத, உன்னைவிட நல்ல இங்கிலீசுல எழுதுது. பின்ன உனக்கு எவன் காசு கொடுப்பான்? இதைக் கேட்டா நீ மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்குப் போயிருதே. நில்லு, கேளு. அந்தப் பெட்டிட்டப் போயி பையன் என்ன சொல்லுதான்? ‘டிப்ளமோ முடிச்சிருக்கேன், ரெஸ்யூம் போட்டுக் கொடு.’ அது என்ன செய்யும் பாவம்! அவன் செய்யாத வேலை பத்தை அழகாச் செஞ்சதா எழுதித் தருது. கேள்வி கேட்டு எழுதுன்னு சொன்னா அதுவும் கேக்கத்தான் செய்யும். ஆனா ‘பெரிசா ஒண்ணும் இல்ல’ன்னு தட்டிவிட்டுட்டு இவன் போயிருவான். உன் எதிர்ல உக்காந்துட்டு அப்படிப் போக முடியாதுல்லா. நீ விடாம மூஞ்சியைப் பாத்தா அவன் சொல்லித்தான் ஆகணும். எழுதுறதுக்கு இனிமே கூலி இல்ல தாயி. கேக்கறதுக்குத்தான் கூலி.

நேத்து டீக்கடையில ஒரு பையனைப் பிடிச்சேன். மெயின் ரோட்டுல மோட்டாருக்குக் காயில் கட்டுத கடையில இருக்கான். டிப்ளமோ, ட்ரிபிள் ஈ. ‘என்னய்யா பண்ணுத?’ன்னேன். ‘சும்மா கடையில நிக்கேன் தாத்தா.’ ரெஸ்யூமைக் காட்டுன்னேன். போன்ல காட்டினான். அனுபவம்: இல்லை. பொழுதுபோக்கு: கிரிக்கெட். சரிதான்னு ஒரு டீயைச் சொல்லிட்டு ஆரம்பிச்சேன்.

‘சும்மா நிக்கேங்க, கையில என்ன கருப்பு?’

‘வார்னிஷ் தாத்தா. காயில் கட்டி வார்னிஷ்ல முக்கணும்லா.’

‘என்ன மோட்டாரு வருது?’

‘அஞ்சு எச்பி ஓபன்வெல், ஏழரை சப்மெர்சிபிள். எல்லாம் த்ரீ பேஸு.’

‘மோட்டாரு கெட்டது எதனாலன்னு கண்டுபிடிக்கிறது யாரு, ஓனரா?’

‘நாந்தான் மெக்கர் வச்சுப் பாப்பேன். ஓனருக்குக் கண்ணு ஆபரேசன் ஆனதுல இருந்து அவரு கடைக்கு மூணு மாசமா வரலை.’

‘அப்பம் கடையை யாரு பாத்தா?’

‘நாந்தான்.’

‘கடன் நோட்டு?’

‘அதுவும் நாந்தான். விதைப்பு நேரத்துல யாரு தாத்தா ரொக்கம் கொடுக்கா? பருத்தி எடுத்துட்டுக் கொடுப்பாக. எல்லாத்தையும் வசூல் பண்ணிட்டேன், ரெண்டு பேரைத் தவிர.’

இன்னும் கொஞ்சம் தோண்டினேன். ஒரே வாரத்துல ஒரே பக்கத்துல இருந்து மூணு மோட்டாரு கருகி வந்திருக்கு. இவன் சும்மா காயிலைக் கட்டிக் கொடுத்துக் காசு வாங்காம, அந்தக் காட்டுக்கே போயிப் பாத்திருக்கான். லைன்ல ஒரு பேஸ் வரலை, ரெண்டு பேஸ்லயே மோட்டாரு ஓடிக் கருகியிருக்கு. ஈபி ஆபீசுல போயிச் சொல்லிச் சரிபண்ண வச்சிருக்கான். இவ்வளவையும் செஞ்சிட்டு அனுபவம் இல்லைன்னு எழுதி வச்சிருக்கான் மடப்பய. கோயமுத்தூர்ல பம்புக் கம்பெனி வரிசையா இருக்கு, அதுல சர்வீஸ் ஆளு எடுக்கிறவன் தேடுறது இந்த மாதிரிப் பையனைத்தான். பொய் ஒரு வரி சேக்க வேண்டாம். த்ரீ பேஸ் மோட்டார் ரீவைண்டிங் ரெண்டு வருசம், மெக்கர் சோதனை, மூணு மாசம் கடை முழுப் பொறுப்பு, கடன் வசூல், லைன் பழுதைக் கண்டுபிடிச்சது. அஞ்சு வரி. இந்த அஞ்சு வரியை எந்தப் பெட்டியும் தானாச் சொல்லாது, ஏன்னா அவனுக்கே அது தெரியல.

கல்யாணம் கட்டி, பிள்ளை பெத்து, திரும்ப வேலைக்குப் போறவளுகளும் வருவாக உன்ட்ட. ‘அஞ்சாறு வருசம் சும்மா வீட்டுல இருந்துட்டேன்’பாக. அந்த ‘சும்மா’வை நம்பிராத, மோட்டாரு கடைப் பையன் சொன்ன அதே சும்மாதான். இடைவெளியை மறைக்கவும் வேண்டாம். குடும்பப் பொறுப்பு, இந்த வருசம் முதல் இந்த வருசம் வரைன்னு நேரா ஒரு வரி எழுதிட்டு, அந்த நேரத்துல மகளிர் குழுக் கணக்கு எழுதினாளா, டியூசன் எடுத்தாளான்னு கேளு.

இன்னொரு கூட்டம் வரும், அதுட்ட ஜாக்கிரதை. ‘அக்கா, ரெண்டு வருசம் எக்ஸ்பீரியன்ஸ் சேத்துப் போடுங்கக்கா, மெட்ராஸ்ல ஒருத்தர் சர்டிபிகேட்டு தாராரு’ம்பான். தாராளமாப் போடு. பெறகு பிஎஃப் கணக்கை அவன் எங்க கொண்டு போயி ஒளிக்கிறதுன்னும் நீயே சொல்லிக் கொடு. 2014-ல இருந்து யுஏஎன்னு ஒரு நம்பரு கொடுத்திருக்கான்லா, பிஎஃப் பிடிச்சா எந்தக் கம்பெனியில எந்தத் தேதி சேந்தான், எந்தத் தேதி விலகினாங்கிறது அதுல வரிசையா நிக்கி. பெரிய கம்பெனியில சேந்ததுக்குப் பெறகும் சரிபாக்குறான். பிடிபட்டா வேலை போகும். அவன் வீட்டுல யாரைத் திட்டுவாக? மெட்ராஸ்காரரையா? உன்னையத்தான், தெருவுல நின்னு.

அதேபோல, வேலை வாங்கித் தாரேங்கிற வார்த்தை உன் வாயில வரவே கூடாது. ‘துபாய்ல ஆளு எடுக்காக, உங்க ரெஸ்யூம் ஆளுகளை அனுப்பி விடுங்க, தலைக்கு இவ்வளவு’ன்னு எவனாவது வருவான். 1983-ல வந்த குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவன் மத்திய சர்க்கார்ல பதிவு செஞ்சிருக்கணும். நீ காயிதம் எழுதுறவ. அந்தக் கோட்டைத் தாண்டாத.

வந்த பிள்ளைக காயிதத்தையும் பத்திரமா வை. பேரு, போன் நம்பரு, பெறந்த தேதி எல்லாம் அதுல இருக்கு. ஒருத்தன் ரெஸ்யூமை எடுத்து மாதிரின்னு இன்னொருத்தனுக்குக் காட்டாத. 2023-ல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேற வந்திருக்கு. சட்டத்தை விடு, வேலை தேடுற பிள்ளைக போன் நம்பருக்குத்தான் ஏமாத்துக்காரன் முதல்ல போன் போடுதான், ‘டெபாசிட்டு கட்டு, ஆர்டர் வரும்’னு.

கூலி விசயம். பஸ்ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில அம்பது ரூபாய்க்குப் பேரை மட்டும் மாத்தி அச்சடிச்சுக் கொடுக்கான். நீ மூவாயிரம்னு போர்டு வச்சிருக்கே. பெங்களூர்ல ஐடிக்காரன் கொடுப்பான், நம்ம ஊருல மூவாயிரம் கேட்டா உன்னையக் கட்டிக் கொடுக்கச் சொல்லி ஆளு அனுப்புவான், அது சல்லிசுன்னு. புதுசாப் படிச்சு வர்ற பையனுக்கு ஐந்நூறு. அதுல பாதி முன்பணம். ஒரு தடவை திருத்தம் சும்மா, ரெண்டாவது தடவைக்குக் காசு. எழுதித்தான் ஒட்டி வை, வாயால சொன்னா நிக்காது.

சொந்தக்காரங்கதான் உனக்குப் பெரிய எதிரி. உங்க சித்தப்பன் மவன் வருவான், மச்சினன் வருவான், ‘நம்ம பிள்ளைதானே’ம்பான். ஒருத்தனுக்கு ஓசியில எழுதினா அவன் போயி ஊரெல்லாம் உன் புகழைப் பாடி இன்னும் நாலு ஓசியைக் கூட்டிட்டு வருவான். மொய் எழுதும்போது நம்மட்ட எவனும் தள்ளுபடி கேட்டதில்லைல்லா, அதை ஞாபகப்படுத்து. வேணும்னா தாத்தாதான் கறாராச் சொல்லிட்டாருன்னு எம்மேல பழியைப் போடு, எனக்கு இந்த வயசுல கெட்ட பேரு கூடினாலும் ஒண்ணுதான்.

வீட்டுல இருந்து தொழில்னா உன்னைய வேலை செய்றவளா இங்க ஒருத்தரும் நினைக்கப் போறதில்ல. ‘லேப்டாப்புல படம்தானே பாக்கா, பால் வாங்கிட்டு வரட்டும்’பா உங்க ஆச்சி. அதனால காலையில பத்துல இருந்து ஒண்ணு வரைக்கும்னு ஒரு நேரம் வை. திண்ணையை எடுத்துக்கோ. வர்ற பிள்ளைக உள்ள வரக் கூச்சப்படும், திண்ணைன்னா உக்காரும், உக்காந்தா பேசும். நான் ஓரமா இருப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். நம்பு.

அந்த மோட்டாரு கடைப் பையனை நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். கூலி ஐந்நூறுன்னு பேசிட்டேன், சரின்னுட்டான். நான் கேக்காம விட்டது இன்னும் அவன்ட்ட இருக்கும், திரும்ப முதல்ல இருந்து கேளு. இருநூத்தம்பது ரூபா கைக்கு வராம மட்டும் லேப்டாப்பைத் திறக்காத.